கீழே ஓடிய எழுத்து

கல்முனையை அடுத்த நற்பிட்டிமுனையில் ஜுனைதாவைத் தெரியாத பெண்கள் குறைவு. அபாயா தைக்க, பள்ளிக்கூடச் சட்டை தைக்க, கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிற அவசரத்தில் இறுக்கமான சட்டைக் கையைப் பிரித்துத் தளர்த்த என்று யாராவது அவள் வீட்டுக்கு வந்துகொண்டேயிருப்பார்கள். வாசலில் நின்று கூப்பிடுவதில் பலனில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். நேரே உள்ளே போய், தையல் மெஷினுக்கு முன்னால் அவள் கண்ணில் படுகிற மாதிரி நின்று கையை அசைக்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள். பிறகு தெருமுனைக் கடைக்காரனுக்கும் கேட்கிற குரலில், "வாங்க வாங்க, உங்கட துணிய இன்னும் வெட்டவேயில்ல" என்பாள். தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்பது அவளுக்குத் தெரியாது.

காது போனது அவளுடைய இருபதாவது வயதில். கல்யாணம் முடித்த புதிது. மாரி காலத்தில் வந்த காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். வீடே கூடியிருந்து யாசீன் ஓதியது. கண்ணைத் திறந்தபோது உம்மாவின் வாய் அசைந்தது, கன்னத்தில் கண்ணீர் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. இன்னும் இரண்டொரு நாளில் வந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவேயில்லை. பிறகு காதில் வைக்கிற மெஷினும் வாங்கிப் பார்த்தாயிற்று. தண்ணீர்த் தாங்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்கிற மாதிரி ஓர் இரைச்சல் வந்தது. அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தவள் திரும்ப எடுக்கவில்லை.

அவளுடைய புருஷன் நஸீம் மேசன் வேலை செய்கிறவன். அந்தக் காலத்தில் அடர்த்தியான மீசை வைத்திருந்தான். உதட்டு அசைவைப் பார்த்துத்தான் இனி இவள் பேச்சை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த அன்றே சவரக் கடைக்குப் போய் அதை வழித்துவிட்டு வந்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அவளைப் பார்த்துத்தான் கதைப்பான், மெதுவாகக் கதைப்பான், பகல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நின்று கதைப்பான். பல வருஷங்களில் இருவருக்கும் அது பழகிப்போயிற்று.

பழகாமல் போனது ஒன்றே ஒன்றுதான். குமரியாக இருந்த காலத்தில் ஜுனைதா படம் என்றால் உயிரை விடுவாள். கல்முனை பசாரில் வாடகைக்கு எடுத்து வருகிற கசெட்டை வாப்பா பள்ளிக்குத் தொழப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போட்டு, வசனத்தையெல்லாம் பாடமாக்கி வைத்திருப்பாள். காது போன பிறகும் குடும்பத்தோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். மற்றவர்கள் சிரித்தால் இவளும் சிரிப்பாள், ஒரு நொடி பிந்தி. "என்ன சொன்ன?" என்று பக்கத்தில் இருப்பவளைப் பிடித்து உலுக்குவாள். "ஒண்டுமில்ல, சும்மா பகிடி" என்பார்கள். "மறுகா சொல்றன்" என்பார்கள். சொன்னதில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, படம் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச காலத்தில் டிவி போடுகிற நேரத்தில் ஜுனைதா அடுப்பு வேலையென்று குசினிக்குள் போய்விடப் பழகினாள்.

மகள் நிஹ்லா வளர்ந்து, பாலர் பாடசாலையில் டீச்சராகி, கல்யாணமும் முடித்தாள். ஊர் வழக்கப்படி முன்வீடு மகளுக்குப் போயிற்று. ஜுனைதாவும் நஸீமும் பின்பக்கத்து அறைகளுக்கு மாறினார்கள். மருமகன் கட்டாரில் வேலை. ஒரு நாள் நிஹ்லா தன் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்து உம்மாவின் மடியில் வைத்தாள். நிலாத்திரை என்று ஒரு கம்பனி. மாதாமாதம் சந்தா கட்டினால் போனிலும் டிவியிலும் படம் பார்க்கலாம், புதுப் படங்களும் அதற்குள்ளேயே அடக்கம். தமிழ்ப் படம் என்றாலும் சரி, தமிழில் குரல் மாற்றிய துருக்கி நாடகம் என்றாலும் சரி, பேசுகிற பேச்செல்லாம் கீழே தமிழ் எழுத்தில் ஓடும்.

"இதப் பாருங்க உம்மா" என்றாள் நிஹ்லா.

ஒரு கலியாண வீட்டுப் பகிடிக் காட்சி. மாப்பிள்ளையின் மாமா ஏதோ சொன்னார், கீழே எழுத்து வந்தது, ஜுனைதா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது, யாரும் சிரிக்கிறதைப் பார்த்துத் தான் சிரிக்கவில்லை என்று. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். நிஹ்லாவும் அழுதாள்.

ஓர் அபாயாவின் தையற்கூலி மாதச் சந்தாவுக்குப் போதுமாக இருந்தது. ஜுனைதாவின் பேரிலேயே கணக்கைத் திறந்து, அவளுடைய பேங்க் கார்டையே நிஹ்லா அதில் போட்டாள். அன்றிலிருந்து அஸர் தொழுதுவிட்டு ஒரு பிளேன்டீயோடு ஜுனைதா உட்கார்ந்தால் மஃரிப் வரைக்கும் எழும்ப மாட்டாள்.

பார்த்ததோடு நிற்கவில்லை. பார்த்ததைச் சொல்லத் தொடங்கினாள். தைக்கத் துணி கொண்டுவருகிற பெண்களுக்குக் கதை சொல்வாள். யார் என்ன சொன்னார்கள், அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள், ஒரு சொல் பிசகாமல். பாண்டிருப்பிலிருந்து சாறிச் சட்டை தைக்க வருகிற யசோதினி, ஜுனைதாவோடு ஒரே ஸ்கூலில் படித்தவள், தைத்த சட்டையை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் குந்தியிருப்பாள்.

"பிறகென்னகா நடந்த? அந்தத் தங்கச்சிக்காரிய விட்டாங்களா இல்லையா?"

துருக்கி நாடகம் ஒன்று அப்படி ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகப் பட்டினமொன்றில் அக்கா தங்கை இருவர். கரையோர மீன் வாடிக் கொட்டகை எரிந்துபோன வழக்கில் தங்கையைப் பிடித்துக் குற்றவாளிக் கூட்டில் ஏற்றிவிட்டார்கள். உண்மை தெரிந்தவள் அக்கா மட்டும். அவள் பல காலமாகத் தங்கையோடு பேசாதவள். பேசுவாளா, மாட்டாளா என்று நற்பிட்டிமுனையில் நாலைந்து வீடுகள் ஜுனைதாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லோரும் கதைப்பதற்கு அவள் காத்திருந்த காலம் போய், அவள் கதைப்பதற்கு மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

கட்டணம் முதலில் ஏறியபோது அவள் பெரிதாக எடுக்கவில்லை. டொலர் ஏறுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது, பாண் ஏறுகிறது, இதுவும் ஏறுகிறது என்று நினைத்தாள். அடுத்ததாகப் புதுப் படங்களைத் தனியாகப் பிரித்தார்கள். மாதச் சந்தா மாதச் சந்தாதான், புதுப் படத்தை வாடகைக்கு எடுக்க வேறாகக் கட்ட வேண்டும். 'உங்களுக்கு அதிகத் தெரிவுகளைத் தருவதில் மகிழ்ச்சி' என்று செய்தி வந்தது. நஸீம் அதை வாசித்துவிட்டு, "இருந்தத எடுத்துப் போட்டு மகிழ்ச்சி என்டுறானுகள்" என்றான். அதையும் பொறுத்துக்கொண்டாள். பழைய படங்களும் நாடகமும் இருந்தனவே.

பிறகு ஒரு வியாழக்கிழமை. நீதிமன்றக் காட்சி. கதவைத் திறந்துகொண்டு அக்கா உள்ளே வந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கையின் முகத்தில் இரத்தமேயில்லை. அக்கா சாட்சிக் கூட்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

எழுத்து வரவில்லை.

ஜுனைதா போனைத் தட்டிப் பார்த்தாள். அணைத்துப் போட்டாள். போன் கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். அக்கா பேசிக்கொண்டேயிருந்தாள். உதட்டைப் பார்த்துப் பிடிக்கலாம் என்றால் அது துருக்கிப் பாஷை பேசுகிற உதடு, தமிழ் அதற்கு மேல் ஒட்டியது. அக்கா அழுதாள், தங்கை அழுதாள், நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். ஜுனைதா ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்வீட்டுக்குப் போய் நிஹ்லாவிடம் காட்டினாள். நிஹ்லா அங்குமிங்கும் தட்டிப் பார்த்துவிட்டு நின்றாள். அவள் முகம் போன போக்கிலேயே ஜுனைதாவுக்கு விஷயம் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது. தமிழ் சப்டைட்டில் இனி 'மகுடம்' என்ற பெரிய பெக்கேஜில் மட்டும்தானாம். நேற்றே செய்தி போட்டிருக்கிறார்கள், பூங்கொத்துப் படத்தோடு.

"மகுடத்துக்கு எவ்வளவு?"

நிஹ்லா சொன்னாள். ஜுனைதாவின் மனக்கணக்கில் அபாயாக்கள் ஒன்றிலிருந்து நாலாகிப் போயின.

"நாம கோல் எடுத்துச் சொல்லுவம் உம்மா. காது கேக்காத ஆக்களுக்கு ஏதாச்சும் வழி வச்சிரிப்பாங்க" என்றாள் நிஹ்லா.

ஸ்பீக்கரில் போட்டு, மறுமுனையில் சொல்வதையெல்லாம் சத்தமில்லாமல் வாயை அசைத்து உம்மாவுக்குச் சொன்னபடி நிஹ்லா கதைத்தாள். கம்பனியில் பதில் சொன்னவன் பெயர் கிசோக்.

"எங்கட உம்மாக்குக் காது கேக்காது. எழுத்து இல்லாட்டி அவவுக்குப் படமே இல்ல. அத நீங்க மேல் பெக்கேஜுக்குக் கொண்டு போயிட்டீங்க. காது கேக்காத ஆக்களுக்கு மட்டுமாவது அத விட ஏலாதா?"

"விளங்குது மிஸ். கணக்கு யார்ட பேர்ல இருக்கு?"

"உம்மாட பேர்ல."

"அப்ப அவங்கதான் முறைப்பாடு சொல்ல வேணும். லைன்ல குடுங்க."

"அவவுக்குக் காது கேக்காதென்டு இப்பதானே சொன்னன்!"

"ஓம் மிஸ். ஆனா கணக்குக்காரர் சொன்னாத்தான் எனக்குப் பதிய ஏலும்."

நிஹ்லா போனை உம்மாவின் கையில் கொடுத்து, முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள். ஜுனைதா போனைக் காதில் வைத்தாள். காது போன நாளுக்குப் பிறகு போனைக் காதில் வைத்தது அன்றுதான். வழுவழுப்பான, சூடான ஒரு சாமான் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"நான் ஜுனைதா!" என்று கத்தினாள். அடுத்த வீட்டு வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நிஹ்லாவின் உதடு அடையாள அட்டை நம்பரைக் கேட்டது. சொன்னாள். பிறந்த தேதியைக் கேட்டது. ஜுனைதா அதை விலாசம் என்று விளங்கிக்கொண்டு தெருப் பெயரைச் சொன்னாள். நிஹ்லா பதற்றத்தில் தலையை ஆட்டினாள், சத்தமாகவே எதையோ சொன்னாள். பிறகு அவள் உதடு நின்றுபோயிற்று. போனை வாங்கித் தன் காதில் வைத்தாள்.

"என்ன? என்ன சொல்றான்?"

"பக்கத்துல ஆரோ சொல்லிக் குடுக்கிறாங்களாம். பாதுகாப்புக்காக லைன வெட்ட வேணுமாம்." நிஹ்லாவின் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிக்கோங்க மிஸ், எனக்குப் போட்டிருக்கிற சட்டம் அது, என்ட கையில ஒண்டுமில்லயென்டு சொல்றான். பாவம், அவனும் மெதுவாத்தான் சொல்றான்."

எழுதிப் போடலாம் என்று பார்த்தால், எழுதுகிற இடத்தில் மனுசர் யாருமில்லை. எதை எழுதினாலும் உடனே ஒரே பதில் வந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. மேலதிக உதவிக்கு எங்களை அழையுங்கள்.'

கம்பனியின் முகநூல் பக்கத்தில் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. வாடகையைத் தனியாகப் பிரித்ததற்கு ஒருவர், சொல்லாமல் கார்டில் காசு எடுத்ததற்கு ஒருவர் என்று கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. இறக்காமத்து விவசாயி ஒருவர், 'யானை வயலோட நிண்டிரும், நீங்க வீட்டுக்குள்ள வந்து திங்கிறீங்க' என்று போட்டிருந்தார். ஜுனைதாவுக்குச் சிரிப்பு வந்தது. தானும் எழுதினாள். 'எனக்குக் காது கேட்காது. நான் சத்தத்தைக் கேட்கவில்லை, எழுத்தைத்தான் கேட்கிறேன்.'

பலர் அதற்கு மனவருத்தக் குறி போட்டார்கள். கம்பனியும் பதில் போட்டது. 'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியமானது. எங்களை அழையுங்கள்.' அதற்குக் கீழே, பெயர் தெரியாத ஒருவர், 'படம் பாக்காட்டி மௌத்தாகவா போற? இதுக்கும் ஒரு ஒப்பாரி' என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரியை ஜுனைதா திரும்பத் திரும்ப வாசித்தாள். கரண்ட் பில்லுக்காகச் சண்டை போடலாம், அரிசி விலைக்காகக் கத்தலாம், ஊர் சேர்ந்து கத்தும். படத்துக்காகச் சண்டை போட்டாள் என்று ஒரு பெண்ணின் பேர் வெளியே போனால் யார் அவள் பக்கம் நிற்பார்? அவளுக்கே அது வெட்கமாக இருந்தது. எழுதியதை அழித்துவிட்டாள்.

நஸீம் அடுத்த நாள் வேலை முடித்து வெள்ளனவே வந்தான். மேல் கழுவி, சாரம் மாற்றி, "வா புள்ள" என்று முன்வீட்டுக்குக் கூட்டிப் போனான். நிஹ்லாவின் பெரிய டிவியில் அந்த நீதிமன்றப் பாகத்தைப் போடச் சொன்னான். பிறகு ஒரு கதிரையை இழுத்து, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜுனைதாவுக்கு நேரெதிரே உட்கார்ந்தான்.

"நான் கேட்டுச் சொல்றன். நீ என்ட வாயப் பாரு."

அக்கா கூட்டில் ஏறினாள். நஸீம் வாயை அசைத்தான். "கனம்... நீதிபதி அவர்களே... நான் இன்று..." அவன் வாழ்நாளில் பேசியிராத தமிழ் அது. தடுக்கித் தடுக்கிச் சொன்னான். அவன் வாயைப் பார்த்தால் அக்காவின் முகம் தெரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தால் அவன் வாய் தப்பியது. மூன்று பேர் ஒரே நேரத்தில் கதைத்தார்கள்.

"ஆரு சொன்ன அது?"

"தெரியாதே. பொம்புளக் குரல்."

"அக்காவா, தங்கச்சியா?"

அவன் திரும்பிப் பார்த்தான். திரும்பிய நேரத்தில் இன்னும் இரண்டு பேச்சுப் போய்விட்டது. அவன் நெற்றி வேர்த்தது. காலையிலிருந்து கல்லுச் சுமந்த மனுசன். சொல்லச் சொல்லப் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. "ஏசுறா." "இப்ப அழுறா." "பழைய கதையொண்டு சொல்றா, நீளமா இரிக்கி."

"என்ன கதை?"

"சின்ன வயசில... கடல்ல... நில்லு, நில்லு..."

ஜுனைதா எழும்பிப் போய் டிவியை அணைத்தாள்.

"விடுங்க. போதும்."

"எனக்கு ஏலாமப் போச்சி புள்ள" என்றான் அவன். குனிந்துகொண்டு சொன்னதால் அவளுக்கு அது தெரியவில்லை. நிஹ்லா பிறகு சொன்னாள்.

மறுநாள் நஸீமே மகுடத்துக்குக் கட்டச் சொன்னான். வேண்டாம் என்று ஜுனைதா மறித்தாள். அவன் கேட்கவில்லை. எழுத்துத் திரும்பி வந்தது. ஆனால் நாடகத்தைத் தேடினால் அது பழைய இடத்தில் இல்லை. அதை வாடகைப் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள், மகுடம் எடுத்தவர்களும் பாகம் பாகமாகத் தனியே கட்ட வேண்டும் என்று. நிஹ்லா அதையும் எடுப்போம் என்றாள். ஜுனைதா மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"நாம கட்டக் கட்ட அவங்க தள்ளித் தள்ளி வைக்காங்க. இன்னா புடிச்சன் என்டு கையப் போட்டா அங்கால போகுது. எத்தினைக்கென்டு ஓடுற நான்?"

அந்த மாதம் பழைய படங்கள் கொஞ்சம் பார்த்தாள். எழுத்து ஓடியது, வாசித்தாள், மனம் ஒட்டவில்லை. எந்த நேரத்தில் நிற்குமோ என்ற எண்ணத்திலேயே கண் கீழே கிடந்தது. அடுத்த மாதம் பிறக்குமுன் மகுடமும் ஏறப்போகிறது என்று இன்னொரு பூங்கொத்து வந்தது. சரி, நிற்பாட்டுங்கள் என்றாள் ஜுனைதா. நிற்பாட்டுவதற்கும் கணக்குக்காரர் கோல் எடுத்துத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது. நிஹ்லா அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு, சிரிப்புப் போலவே இல்லை. கடைசியில் தாயும் மகளும் பஸ் ஏறிக் கல்முனைக்குப் போய், பேங்கில் சொல்லி, அந்தக் கார்டையே முடக்கிவிட்டு வந்தார்கள். அதற்குள் ஒரு மாதக் கட்டணம் போய்விட்டது.

பாண்டிருப்பில் தீமிதிப்பு நெருங்கிய நாளொன்றில் யசோதினி மஞ்சள் துணியொன்றோடு வந்தாள். உள்ளே வந்து, மெஷினுக்கு முன்னால் நின்று கையை அசைத்தாள். துணியைக் கொடுத்துவிட்டு வழக்கம்போலக் குந்திக்கொண்டாள்.

"அக்காக்காரி என்னகா சொன்னவள்? எவ்வளவு நாளாக் கேக்கோணுமெண்டு நினைச்சுக்கொண்டு வாறன்."

ஜுனைதா அவள் உதட்டையே பார்த்தாள். விளங்கியது.

"எனக்குத் தெரியா யசோ."

"தெரியாவா? நீங்க பாக்கல்லியா?"

"பார்த்த. கூட்டுல ஏறினா. வாயத் திறந்தா. நல்லா அழுது அழுது கதைச்சா." ஜுனைதா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள். "என்ன சொன்னாவென்டு எனக்குத் தெரியா. இவருக்கிட்டக் கேட்டன். சாட்சி நல்லாத்தான் சொன்னா என்டாரு. நல்லா என்டா என்ன மாதிரி நல்லா? ஒரு சொல்லுத் தெரியா எனக்கு."

யசோதினி தன் தங்கச்சி மகனிடம் சொல்லி அந்தப் பாகத்தை வேறெங்காவது எடுத்துத் தரப் பார்க்கிறேன் என்றாள்.

"எழுத்தோட வருமா?"

யசோதினிக்கு அது தெரியாது. கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அவள் நல்ல மனத்தோடுதான் சொன்னாள். ஆனால் தங்கச்சி மகன் மட்டக்களப்பில் வேலை செய்கிறவன், எப்போதாவதுதான் வீட்டுக்கு வருகிறவன் என்பது ஜுனைதாவுக்கும் தெரியும்.

"சரி, எழும்புங்க, அளவெடுப்பம்" என்றாள் ஜுனைதா, தெரு முழுக்கக் கேட்கிற குரலில். "போன வருசத்த விட மெலிஞ்சி போயிட்டீங்க."

யசோதினி எழுந்து கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்டாள். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகுப் பக்கம் நின்றிருந்த ஜுனைதா அதைக் காணவில்லை.